குட்டிக்கு ரெண்டு

குரைக்கிற நாய் கடிக்காது என்று முதலில் சொன்னவர் வாழ்நாளில் நாய் வளர்த்திருக்க மாட்டார் என்பது நாய்க்காரம்மாவின் திடமான அபிப்பிராயம். அவளுடைய வலது முன்கையில் இருந்த தழும்புகள் எல்லாம் நன்றாகக் குரைத்து முடித்துவிட்டுக் கடித்த நாய்கள் கொடுத்தவை.

ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாயை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் மூன்று அறை வீடு. முன்னறை நாய்களுக்கு. நடு அறை கணவருக்கும் அவருடைய செய்தித்தாளுக்கும். பின்னறையும் சமையலறையும் அவளுக்கு. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அரைக்கதவு போட்டிருந்தாள். எந்த நாயையும் எடுத்த எடுப்பில் அந்தக் கதவைத் தாண்ட விடமாட்டாள். இது போக, பையில் சோப்பும் சீப்பும் நகவெட்டியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டிவிட்டு வருவாள்.

பிறக்கும்போதே நாயோடு பிறந்தவள் இல்லை அவள். சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் பஸ் டிரைவர். கம்பெனியை மூடினார்கள். அதே வருடம் சர்க்கரை அவருடைய கண்ணில் இறங்கியது. ராத்திரி எதிரே வருகிற விளக்கு ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்று அவரே உண்மையைச் சொல்லி, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும் என்று அவள் இந்தப் பிழைப்பில் இறங்கினாள். இறங்கிய பிறகுதான் அது தனக்குப் பிடித்த வேலை என்று தெரிந்தது. அப்படி ஒரு அதிர்ஷ்டம் எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

குட்டி அவர்களுடைய சொந்த நாய். மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. வந்த புதிதில் உள்ளங்கையில் அடங்கிற்று, அதனால் குட்டி. மீசை நரைத்து, கடைவாய்ப் பற்கள் கொட்டி, படி ஏற யோசிக்கிற வயது வந்த பிறகும் குட்டிதான். உடம்பைத் தூக்கிப் பார்த்தால் நாலு கிலோ தேறாது. ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு அந்தக் கட்டடத்தில் அவனைத்தான் சொல்வார்கள். அவன் என்றுதான் சொல்ல வேண்டும். தங்க வருகிற நாய்களெல்லாம் அந்த வீட்டில் ‘அது’. குட்டி ஒருவன் மட்டும் ‘அவன்’.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் பேச்சுவார்த்தை நடந்ததெல்லாம் அவன் மூலமாகத்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. வெளியே யாருக்கும் தெரியாது. டிரைவருடைய அண்ணன் ஒரு நாள் வந்திருந்தார். ஏதோ குடும்பப் பேச்சில் அவள் நடுவில் ஒரு யோசனை சொன்னாள். டிரைவர், அண்ணன் முன்னால் தன் மீசையைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரத்தில், "நாய்ப் பீ அள்ளுறவ பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்கணுமா?" என்று சொல்லிவிட்டார். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அன்று மூடிய வாய்தான். ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவர் இருந்தார். மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். இரண்டு பேரில் ஒருவராவது கொஞ்சம் வெட்கங்கெட்டவராக இருந்திருந்தால் அன்று மாலையே காபியோடு அது முடிந்திருக்கும். இரண்டு பேருக்கும் ரோஷம் அதிகம். ரோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் ஒரு வேளை உலை வைக்க முடியுமா?

ஆனாலும் குடும்பம் நடந்தாக வேண்டுமே.

"குட்டி, அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. ஆறிப்போகுது."

"குட்டி, அப்பாவுக்குப் பசியில்லைன்னு அம்மாகிட்ட சொல்லு."

"குட்டி, மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா மயக்கம் வரும், அப்புறம் யாரு தூக்கிக்கிட்டு ஓடுறதுன்னு கேளு."

குட்டி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பான். தன் பெயர் வரும்போதெல்லாம் வாலை ஆட்டுவான். அவன் காதில் விழுந்ததெல்லாம் அந்தப் பெயர் ஒன்றுதான். அதுவே நாளுக்கு நூறு தடவை விழுந்தால் எந்த நாய்க்குத்தான் சந்தோஷமாக இருக்காது? சில சமயம் அவனிடமே அவனைப் பற்றியும் சொல்வார்கள்: "குட்டி, குட்டிக்குப் பசிக்குதாம்னு அப்பாகிட்ட சொல்லு." மாடி வீட்டுக்காரி ஒரு தடவை நாய்க்காரம்மாவிடம், "உங்க வீட்ல எப்பவும் பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. குடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். நாய்க்காரம்மா சிரித்து வைத்தாள்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் ஒரு இன்ஜினீயர் தன் நாயைக் கொண்டுவந்தார்.

"குட்டிதாங்க. அஞ்சு மாசம்தான் ஆகுது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கார் கதவைத் திறந்தார். முதலில் ஒரு கால் இறங்கியது. சப்பாத்திக் கட்டை கனத்துக்கு இருந்தது. பிறகு ஒரு தலை. கடைசியில் இறங்கி முடித்தபோது நாய்க்காரம்மாவின் இடுப்புக்கு வந்தது. வளர்ந்தால் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிற ஜாதி. முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாத பச்சைக்குழந்தைக் களை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த டிரைவர், "குட்டி, வந்திருக்கிறது நாயா, யானையான்னு கேளு" என்றார். அன்றிலிருந்து அதற்கு அந்த வீட்டில் யானை என்றே பெயர் விழுந்தது.

சின்ன நாய்களைப் பற்றி நாய்க்காரம்மாவுக்கு ஒரு கணிப்பு உண்டு. பெரிய ஜாதிக் குட்டியை முதன்முதலில் பார்க்கும்போது சில நாய்கள் கல்லாய்ச் சமைந்துவிடும். வால் வயிற்றுக்கடியில் போய்விடும். பார்வையை வேறெங்கோ திருப்பிக்கொண்டு, நான் இங்கே இல்லவே இல்லை என்பது போல நிற்கும். சில சண்டியர்கள், எப்படியும் அடிதடி வரப்போகிறது, முதல் அடி நம்முடையதாக இருக்கட்டும் என்று நேரே மூக்கில் பாய்வார்கள். சோபா மேல் ஏறிய பிறகு மட்டும் வீரம் வருகிற ரகமும் இருக்கிறது. மனிதர்களில் அந்த ரகம்தான் அதிகம் என்பாள்.

"பாவம், சின்ன நாயோட நிலைமையில இருந்து பாருங்க" என்று இன்ஜினீயருக்கு விளக்கினாள். "மூக்கு சொல்லும், இது குட்டி, இன்னும் பால் மணம் மாறல, மன்னிச்சு விட்டுடுன்னு. கண்ணு சொல்லும், இது மாடு, ஓடுன்னு. எதை நம்பும்? ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நடுங்கும். மூக்கு ஜெயிக்கிற வரைக்கும் காத்திருக்கணும். என் வேலை அவ்வளவுதான்."

அவளுடைய முறைப்படியே எல்லாம் நடந்தது. முதலில் இரண்டையும் தெருவில் ஆளுக்கொரு ஓரமாக நடத்தினாள். குட்டி கல்லாகி நின்றான், பிறகு நடந்தான், பிறகு தெருவின் நடுவரைக்கும் வந்தான். யானை படுத்த துண்டை அவன் படுக்கையிலும், அவனுடைய துண்டை அதன் படுக்கையிலும் மாற்றிப் போட்டாள். அரைக்கதவின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்துச் சாப்பாடு போட்டாள். குட்டி கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்து நெடுநேரம் மோந்தான். அந்தப் பக்கம் யானை உடனே நாலு காலையும் தூக்கி மல்லாந்து விழுந்தது. நான் சின்னப் பிள்ளை, என்னை ஒன்றும் செய்யாதே என்று அதற்கு அர்த்தம். நாய்க்காரம்மாவுக்கு மனம் நிறைந்தது.

கதவைத் திறந்ததில்தான் வினை வந்தது. யானை முன்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, விளையாட வா என்று கூப்பிட்டது. குட்டி பல்லைக் காட்டி உறுமினான். போதும், தள்ளி நில் என்று பெரியவர்கள் சொல்கிற மாதிரிதான். வேறு எந்தக் குட்டிக்கும் அது புரிந்திருக்கும். யானைக்கும் புரியாமல் இல்லை. தன் கால் அவ்வளவு நீளம் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. தாஜா பண்ணுவதற்காக ஒரு காலை நீட்டியது. அது குட்டியின் முதுகில் விழுந்தது. குட்டி தரையோடு தரையாகச் சப்பளிந்து அலறினான். அலறிக்கொண்டே புரண்டு, யானையின் உதட்டைக் கவ்வினான். அவ்வளவு பெரிய உருவம் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, மூலையில் போய் ஒடுங்கி ஊளையிட்டது. எட்டிப் பார்த்த மாடி வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜெயித்தது குட்டிதான். ஆனால் அது அவனுக்குத் தெரியவில்லை. அன்றே நடு அறையில் கட்டிலுக்கடியில் போனவன் வெளியே வரவில்லை. சாப்பிடவில்லை. கண்ணை மூடினாலும் முன்னறையில் யானை புரண்டு படுக்கிற சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்து நடுங்கினான். டிரைவர் செய்தித்தாளைப் போட்டுவிட்டுக் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். கையை உள்ளே நீட்டி, "தூங்குடா, நான் பாத்துக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"குட்டி, தூக்கமில்லாம சாகுறியே, ஊரான் நாய்க்காக. உங்கம்மாவுக்குக் கண்ணு இருக்கா, இல்லையான்னு கேளு."

"குட்டி, கொஞ்சம் பொறுக்கணும்னு அப்பாகிட்ட சொல்லு. என் கை பட்டுச் சேராத நாய் கிடையாது."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளுக்கும் உள்ளுக்குள் உதைத்துக்கொண்டுதான் இருந்தது. இன்ஜினீயரைக் கூப்பிட்டு யானையை வேறு இடத்தில் விடச் சொல்லலாமா என்று இரண்டு தடவை செல்போனைக் கையில் எடுத்தாள். சொன்னால் டிரைவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்று இரண்டு தடவையும் கீழே வைத்தாள்.

அதற்குள் யானை இன்னொரு காரியம் செய்தது. தபால்காரரோடு விளையாட வாசல் கேட்டைத் தாண்டிக் குதித்து, தகரத்தில் காலைக் கிழித்துக்கொண்டது. கால்நடை டாக்டரிடம் தூக்கிப்போய்த் தையல் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் அவள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் போனில் கூப்பிட்டார். ஊரின் மறுகோடியில் ஒரு வீட்டில் மூன்று நாய்கள் குளிக்கக் காத்திருந்தன.

"குட்டி எப்படிக்கா இருக்கு?"

"ஒரு இடத்துல நிக்கல சார். கட்டைப் பிய்க்குது, குதிக்குது."

"நேத்து ஒரு மாத்திரை அட்டை குடுத்தேன்ல? மதியம் சாப்பாட்டோட குட்டிக்கு ரெண்டு குடுத்துடுங்க. நல்லா தூங்கட்டும். தூங்கினாத்தான் தையல் நிக்கும்."

அவள் மாத்திரையைப் பிரித்து, இரண்டை எடுத்துச் சமையல் மேடையில் ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினாள். நடு அறைக்கு வந்து, கட்டிலுக்கடியைப் பார்த்து, கட்டிலோரம் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கிற மாதிரி, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"குட்டி, நான் வர சாயந்திரம் ஆகும். மேடை மேல மாத்திரை இருக்கு. மதியம் சாப்பாட்டோட குட்டிக்கு ரெண்டு. நல்லா தூங்கட்டும்னு டாக்டர் சொன்னார். அப்பாகிட்ட சொல்லிடு."

‘தூங்குவான்’ என்று சொல்லியிருந்தால் குட்டி. ‘தூங்கும்’ என்று சொல்லியிருந்தால் யானை. ‘தூங்கட்டும்’ என்ற சொல்லில் அவனும் இல்லை, அதுவும் இல்லை. நம் பாஷையில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாமல் காலங்காலமாக இருந்துவருகிறது.

டிரைவர் தலையை நிமிர்த்தினார். ஏதோ கேட்க வந்தவர் போல வாய் திறந்தது. நாய்க்காரம்மா அதைப் பார்த்தாள். அரைக்கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றாள். கேட்கட்டுமே, மூன்று வருடம் கழித்து ஒரு வார்த்தை கேட்டால் நாக்கு அழுகிவிடுமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவர் வாயை மூடிக்கொண்டு கட்டிலுக்கடியில் குனிந்தார். அவள் தாழ்ப்பாளை நீக்கிப் போய்விட்டாள்.

மூன்று நாய்களையும் குளிப்பாட்டி, காது துடைத்து, நகம் வெட்டி, அவள் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. வழியில் குட்டிக்காகக் கோழி ஈரல் வாங்கினாள். இதைக் கண்டால் கட்டிலுக்கடியிலிருந்து வராமலா இருப்பான்? வராவிட்டால் ராத்திரி இன்ஜினீயருக்குப் போன் பண்ணிவிடுவது என்றும், டிரைவர் ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்றும் பஸ்ஸில் வரும்போது முடிவு செய்திருந்தாள்.

வீடு சத்தமில்லாமல் இருந்தது. அரைக்கதவு திறந்து கிடந்தது. வாசலிலிருந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முன்னறையில் யானை கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தது. அதன் இரண்டு முன்கால்களுக்கும் நடுவில் குட்டி சுருண்டு கிடந்தான். அவன் முதுகின் மேல் அது தன் தாடையை வைத்திருந்தது. கை நீட்டும் தூரத்துக்குள் அதை வரவிடாதவன்! மூக்கு ஜெயித்துவிட்டது. பூனை நடை நடந்து உள்ளே போய், செல்போனை எடுத்துப் படம் பிடித்து, ‘ரெண்டும் சேர்ந்தாச்சு’ என்று எழுதி இன்ஜினீயருக்கு அனுப்பினாள்.

நடு அறையில் டிரைவர் நாற்காலியில் இருந்தார். அவர் முகத்திலும் வெகுநாள் கழித்து ஒரு தெளிவு. "குட்டி, சத்தம் போட வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார் ரகசியக் குரலில். "மதியத்திலிருந்து நல்ல தூக்கம். குட்டி தானாவே தள்ளாடித் தள்ளாடிப் போய் அது பக்கத்துல படுத்துக்கிட்டான்."

அவளுக்கு அது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. அவள் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. தாடையை மட்டும் எடுக்கவில்லை.

தூங்க வேண்டியது முழித்துக்கொண்டிருக்கிறது.

அவள் சமையல் மேடைக்கு ஓடினாள். கிண்ணம் காலியாக இருந்தது. திரும்ப ஓடிவந்து மண்டியிட்டு யானையின் தலையைத் தள்ளினாள். குட்டியின் முதுகில் அந்தத் தாடை இருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது. காது சில்லிட்டிருந்தது. கால்கள் சில்லிட்டிருந்தன. தூக்கியபோது தலை அவள் முழங்கையில் தொங்கியது. யானை எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, அவள் கையிலிருந்தவனை நக்கப் பார்த்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் முதலில் புரியாமல், "ரெண்டும் குட்டிக்குத்தானேக்கா சொன்னேன்?" என்றார்.

"குட்டிக்குத்தான் சார் குடுத்திருக்காரு" என்றாள்.

மேற்கொண்டு டாக்டர் கேட்டதற்கெல்லாம், மூச்சு இல்லை, இல்லை, இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த செல்போன் மறுபடி அதிர்ந்தது. இன்ஜினீயர் சிரிப்புப் படமும் இதயப் படமும் வரிசையாக அனுப்பியிருந்தார்.

டிரைவர் நடு அறை வாசலில் வந்து நின்றிருந்தார். போனில் பேசியதிலிருந்து அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் குட்டியைத் துண்டின் மேல் கிடத்தினாள். எழுந்து கணவரின் முகத்தை நேராகப் பார்த்தாள். நடுவில் வைத்துப் பேச யாரும் இல்லை.

"எந்தக் குட்டின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா நீங்க?"

அவர் நிலைப்படியைத் தாண்டி முன்னறைக்குள் வந்தார்.

"கேட்டேன்."

"யார்கிட்ட?"

அவர் கீழே துண்டைக் காட்டினார்.

"இவன்கிட்டதான். கோழித் துண்டுல மாத்திரையை வச்சுக்கிட்டு, ‘குட்டி, உனக்கா, அதுக்கா’ன்னு கேட்டேன். பேரைச் சொன்னதும் வாலை ஆட்டிக்கிட்டு வெளிய வந்து என் கையிலேருந்து வாங்கித் தின்னான். வேற யார்கிட்ட நான் கேக்குறது?"